பழைய ஆஃப்ஷோர் வேகப்படகு வாங்குவது எப்படி: எஞ்சினுக்கு முன்னால் பின்சுவரைத் தட்டுங்கள்

விற்பனை விளம்பரத்தில் முதல் படமே எஞ்சின் மூடியைத் திறந்து எடுத்ததாக இருக்கும். பளபளக்கும் குரோம், புதுசாக அடித்த பெயின்ட், அப்புறம் குதிரைத்திறன் எண். அதைப் பார்த்து மயங்குபவர்கள்தான் அதிகம். ஆனால் எஞ்சின் கெட்டால் தூக்கிவிட்டு வேறு வைக்கலாம், உள்ளே மரம் மட்கிய படகை என்ன செய்வது? அதனால் நான் பார்க்கும் வரிசையே வேறு. வெளிப்பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதில் தொடங்கி, எஞ்சினுக்குக் கடைசியில்தான் வருவேன்.

முதலில், எந்தப் படகு

ஆஃப்ஷோர் படகு என்றால் அலையை வெட்டிப் போகும் ஆழமான வி வடிவ அடிப்பாகம். ரே ஹன்ட் என்ற படகு வடிவமைப்பாளர் வரைந்த வடிவம் அது. 1960இல் மயாமி–நாசோ பந்தயத்தில் அந்த வடிவில் கட்டிய 'மோப்பி' என்ற படகு ஜெயித்த பிறகு எல்லோரும் அதைப் பின்பற்றினார்கள். ஃபார்முலா, டான்ஸி, மேக்னம், சிகரெட் என்று வரிசையாக நிறுவனங்களைத் தொடங்கிய டான் அரோனோவின் படகுகளும் அந்த வழியில் வந்தவைதான். பின்பக்கம் 24 பாகை வரை சரிவு உள்ள உடல், நல்ல அலையில் முதுகைக் காப்பாற்றும். பதிலுக்குப் பெட்ரோல் அதிகம் குடிக்கும், நின்ற இடத்தில் பக்கவாட்டில் ஆடும்.

முதல் படகுக்கு ஒற்றை எஞ்சின் போதும். இரட்டை எஞ்சின் என்றால் கழிவாயுக் குழாய், டிரைவ் (எஞ்சினின் விசையைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும், படகின் பின்னால் தொங்கும் அமைப்பு), பெல்லோஸ் (அதன் மடிப்பு ரப்பர் உறை) எல்லாமே இரண்டிரண்டு. செலவும் அப்படியே.

டிரைவ் எது என்று விளம்பரத்திலேயே கேட்டுவிடுங்கள். மெர்க்ரூஸர் நிறுவனத்து டிரைவ் என்றால் 1980களின் பிற்பகுதியில் வந்த பிராவோ ஒன் எனக்குப் பிடித்தது. பெரிய எஞ்சினுக்குப் பின்னால் அவர்களுடைய சிறிய டிரைவான ஆல்ஃபா இருந்தால் முடுக்கும்போதெல்லாம் பயந்துகொண்டே ஓட்ட வேண்டும். அவர்களுடைய பழைய டிரைவான டி.ஆர்.எஸ். வலுவானதுதான், ஆனால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும். தொடக்கக்காரருக்கு அது வேண்டாம்.

பின்சுவர்

டிரான்ஸம் என்று சொல்லும் பின்சுவரில்தான் டிரைவ் தொங்குகிறது, எஞ்சினின் முழுத் தள்ளுவிசையும் அதன் வழியாகத்தான் உடலுக்குப் போகிறது. பழைய படகுகளில் அது பெரும்பாலும் இரண்டு ஃபைபர் படலங்களுக்கு நடுவே பிளைவுட். எங்காவது ஒரு திருகைச் சுற்றி சீலன்ட் விட்டுப்போனால் தண்ணீர் உள்ளே இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

சோதனை சுலபம் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள்: சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டு, கெட்டிச் சத்தம் என்றால் நல்லது, பொத்தென்று கேட்டால் மட்கல். நேரில் தட்டிப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். நல்ல பின்சுவரிலேயே சத்தம் இடத்துக்கு இடம் மாறும். உள்ளே ஸ்ட்ரிங்கர் (அடிப்பாகத்தின் நீளவாக்கில் ஓடும் தாங்கு சட்டம்) வந்து சேரும் இடம் ஒரு மாதிரி, படலம் கனமாகும் மூலை ஒரு மாதிரி. கழிவாயுக் குழாயைச் சுற்றி முற்றிலும் வேறு. எது அமைப்பு, எது மட்கல் என்று காது தனியாகச் சொல்லாது.

அதற்கு நான் செய்வது இது. மாஸ்கிங் டேப்பை எடுத்துக்கொண்டு, இடப்பக்கத்தில் சத்தம் மாறும் இடமெல்லாம் ஒரு துண்டு ஒட்டுவேன். பிறகு வலப்பக்கமும் அதே போல. இரண்டு பக்கமும் டேப் கண்ணாடிப் பிம்பம்போல் ஒத்து வந்தால் அது பெரும்பாலும் கட்டுமானம். ஒரு பக்கம் மட்டும் கொத்தாகச் சேர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். கீழ் மூன்றிலொரு பங்கைப் பொறுமையாகத் தட்டுங்கள், ஏனென்றால் தண்ணீர் அங்கேதான் தேங்கும்.

இரண்டு பக்கமும் சமமாகக் கெட்டிருந்தால்? அதற்குத்தான் அடுத்தது. விற்பவரிடம் அனுமதி கேட்டு, டிரிம் டேபை (பின்சுவரின் அடியில் படகின் சாய்வைச் சரிசெய்யும் தகடு) பிடித்திருக்கும் அடித் திருகு ஒன்றைக் கழற்றுங்கள். ஓட்டைக்குள் மெல்லிய டிரில் பிட்டை விரலாலேயே திருகி வெளியே இழுங்கள். வெளிர் மஞ்சளாக, உதிரியாக மரத்தூள் வந்தால் நிம்மதி. கரும்பழுப்பாக, பிட்டின் பள்ளத்தில் ஈரமாக ஒட்டிக்கொண்டு புளித்த வாடையோடு வந்தால் பேச்சுவார்த்தையே வேண்டாம். ஓட்டையிலிருந்து தானாகவே பழுப்புத் தண்ணீர் கசிந்த படகையும் பார்த்திருக்கிறேன். பின்சுவரை மாற்ற எஞ்சினையும் டிரைவையும் கழற்றி, படலத்தை அறுத்து, மரத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். படகின் விலையையே அந்த வேலை தாண்டிவிடலாம்.

இன்னொன்று: டிரைவின் கீழ்ப்பகுதியில் ஒருவர் ஏறி நின்று மெதுவாக அழுத்தட்டும், நீங்கள் டிரைவ் பொருந்தும் விளிம்பைப் பாருங்கள். சுவர் அசையவே கூடாது.

ஈரப்பத மீட்டர் பற்றிக் கேட்பார்கள். தாமிரம் கலந்த அடிப் பெயின்ட், பின்னால் இருக்கும் உலோகம், நேற்றைய மழை என்று எதற்கும் அது கத்தும். சுத்தியலும் டேப்பும் இருந்தால் எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

டிரைவும் எஞ்சினும்

டிரைவ் ஆயிலைச் சிறிது வடித்துப் பாருங்கள். பால் நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயில் வடிக்கும் திருகின் காந்த முனையில் மெல்லிய சாம்பல் பசை இருந்தால் பரவாயில்லை, துணுக்குகள் இருக்கக் கூடாது. பெல்லோஸ் ரப்பரை விரித்து மடிப்புக்குள் டார்ச் அடியுங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது உறுமல் கேட்டால், எஞ்சினிலிருந்து டிரைவுக்குப் போகும் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங் கெட்டிருக்கிறது.

எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் கழிவாயு வெளியேறும் மேனிஃபோல்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. எனக்கு, சிலிண்டருக்குள் காற்றை அடித்துக் கசிவைப் பார்க்கும் லீக்டவுன் சோதனைதான் மேல். காற்று கார்புரேட்டரிலா, கழிவாயுக் குழாயிலா, எண்ணெய் மூடியிலா, எங்கே சீறுகிறது என்று காதாலேயே கேட்கலாம். ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியே கைபேசியில் செருகும் கேமராவையும் விடுங்கள். சிலிண்டர் சுவரில் துரு தெரிந்தால் மேனிஃபோல்டோ, அதன் மேல் பொருந்தும் கழிவாயு வளைவான ரைசரோ அரித்துத் தண்ணீர் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். உப்புநீரில் ஓடிய படகில் அவை ஐந்தாறு ஆண்டில் தேயும் பொருட்கள். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள், வாய்ச்சொல் போதாது. எஞ்சின் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டரை நம்பவே வேண்டாம்.

கடல் ஓட்டத்தில் எஞ்சின் கையேட்டில் உள்ள உச்ச சுழற்சியைத் தொடுகிறதா என்று பாருங்கள். வேகமாகப் போகும்போது வெப்பம் ஏறிக்கொண்டே போகிறதா என்பதையும் கவனியுங்கள். திரும்பியதும் பில்ஜை (படகின் அடித்தளப் பள்ளம்) திறந்து எண்ணெய், தண்ணீர் இருக்கிறதா பாருங்கள்.

காகிதம்

அமெரிக்கப் படகு என்றால் பின்சுவரின் வலப்பக்க மேல்மூலையில் 12 எழுத்து, எண்கள் கொண்ட அடையாளம் இருக்கும். 1984 ஆகஸ்டுக்குப் பிறகு கட்டியவற்றில் கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு, அதே எண் மறைவான இன்னொரு இடத்திலும் இருக்கும். உரிமைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள், கடன் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். காப்பீட்டை விலை பேசும் முன்பே கேட்டுவிடுங்கள். பழைய, வேகமான படகுக்குச் சர்வேயர் (படகைப் பரிசோதிக்கும் நிபுணர்) அறிக்கை இல்லாமல் பலர் தர மாட்டார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், முந்தைய உரிமையாளர் கார் ஆல்டர்னேட்டரையும் ஸ்டார்ட்டரையும் மாட்டியிருக்கிறார், ஓடுகிறதே, விடலாமா என்று கேட்டார். விடக் கூடாது. பெட்ரோல் ஆவி மூடிய எஞ்சின் அறையின் அடியில் தங்கும், காருக்கான பாகம் தெறிக்கும் சின்னப் பொறி போதும். படகுக்கானவற்றில் பொறி வெளியே வராதபடி அடைத்திருப்பார்கள். அதற்கான தரக்குறி எஸ்.ஏ.இ. ஜே1171 (SAE J1171) இருக்கிறதா பாருங்கள். கார்புரேட்டரும் எரிபொருள் பம்ப்பும்கூடப் படகுக்கு உரியவையாகவே இருக்க வேண்டும். அவற்றை மாற்றும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.