துணைவேந்தர் முன்னால் மைக் வைக்கும் முன்: பல்கலைக்கழக வாய்மொழி வரலாற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொன்விழாவோ வைர விழாவோ நெருங்கும்போதுதான் பல பல்கலைக்கழகங்களுக்கு வாய்மொழி வரலாறு, அதாவது அங்கே பணியாற்றியவர்களின் நினைவுகளை நேர்காணலில் பதிவு செய்யும் வேலை, நினைவுக்கு வருகிறது. ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், முன்னாள் பதிவாளர்கள், துணைவேந்தர்கள் என்று எல்லோரையும் உட்காரவைத்துப் பதிவு செய்துவிடலாம் என ஒரு குழு போடுவார்கள். ஒலிப்பதிவும் மளமளவென்று சேரும். பிறகு ஒருநாள் பொறுமையாகக் கேட்டுப் பார்த்தால், பெரும்பகுதி பிரிவு உபசார விழாப் பேச்சு மாதிரியே இருக்கும்.

இதற்குக் கருவியையோ பணத்தையோ குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் மரியாதைதான் காரணம். எதிரே இருப்பவர் வாழ்நாள் முழுக்க வகுப்பிலும் குழுக் கூட்டத்திலும் பேசிப் பழகியவர். எதைச் சொல்லலாம், எதை விழுங்கிவிட வேண்டும் என்று அளந்து பேசத் தெரிந்தவர். கேள்வி கேட்பவரோ அவருடைய பழைய மாணவராக இருப்பார், இல்லையென்றால் அதே அலுவலகத்தில் இன்றைக்கும் வேலை பார்ப்பவராக இருப்பார். குறுக்கே ஒரு கேள்வி போட நாக்கு எழாது. விளைவு, ஆண்டறிக்கையில் ஏற்கெனவே அச்சான செய்தியே குரலாகத் திரும்பி வருகிறது. கோப்பில் இல்லாததைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடு என்பது மறந்துபோகிறது.

யாரைக் கூப்பிடுவது?

பதவி வரிசையில் பட்டியல் போடாதீர்கள். முதலில் துணைவேந்தர்கள், அப்புறம் பதிவாளர்கள், அப்புறம் துறைத் தலைவர்கள் என்று போனால், பட்டியலின் கடைசிக்கு வரும்போது அங்கே இருக்க வேண்டியவர்களில் சிலர் உயிரோடு இருக்க மாட்டார்கள். வயதையும் உடல்நிலையையும் பார்த்து வரிசைப்படுத்துங்கள். சங்கடமான வேலைதான், ஆனால் தள்ளிப்போட முடியாத வேலை.

துணைவேந்தர் சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் போய்விடுவார். தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளரோ கால் நூற்றாண்டு அதே நாற்காலியில் இருந்திருப்பார். எந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை மாதம் தூங்கியது, கணினி வருவதற்கு முன் மதிப்பெண் பட்டியலை எப்படிச் சரிபார்த்தார்கள், தேர்வு முடிவு வெளியாகும் முந்தைய இரவு அலுவலகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆய்வக உதவியாளர், விடுதிக் காப்பாளர், துறைத் தலைவரின் தட்டச்சர், இவர்களும் அப்படித்தான். ‘எனக்கு என்ன சார் தெரியும், பெரியவங்களைக் கேளுங்க’ என்பார்கள். அதற்காக விட்டுவிடக் கூடாது.

கோபித்துக்கொண்டு வெளியேறியவர்களும் பட்டியலில் வேண்டும். பதவி உயர்வு மறுக்கப்பட்டவர், நீதிமன்றம் போனவர், பாதியில் வேறு நிறுவனத்துக்குப் போனவர் என்று யாருமே இல்லாத தொகுப்பு விழா மலராகத்தான் முடியும்.

கேள்விகளை அனுப்பிவைப்பது

நல்ல எண்ணத்தில் செய்யப்படும் தவறு இது. முழுக் கேள்விப் பட்டியலையும் முன்கூட்டியே அனுப்பினால், பேராசிரியர் பதில்களை எழுதிவைத்துப் படித்துவிடுவார். காகிதம் புரளும் சத்தம்கூடப் பதிவில் கேட்கும். தலைப்புகளை மட்டும் அனுப்புங்கள்: துறை தொடங்கிய காலம், அந்த வேலைநிறுத்தம், புதிய பாடத்திட்டம். நினைவைக் கிளற அது போதும்.

முன்சந்திப்பிலும் கவனம் வேண்டும். போனில் பேசும்போதே முழுக் கதையையும் கேட்டுவிட்டால், பதிவு நாளில் ‘அன்னைக்கே சொன்னேனே’ என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார். சுவையான இடம் வரும்போது ‘சார், இதைப் பதிவுக்கு வச்சுக்கலாம்’ என்று நிறுத்துவதில் தப்பே இல்லை.

இதற்கு நேர் எதிரான தவறு எதுவும் படிக்காமல் போவது. சேர்ந்த ஆண்டு, வகித்த பதவிகள், எழுதிய நூல்கள் எல்லாம் பணிப்பதிவேட்டிலும் தன்விவரக் குறிப்பிலும் இருக்கின்றன. அதைக் கேட்டு முதல் அரை மணியை வீணாக்கினால், அவர் சோர்ந்துபோன பிறகுதான் முக்கியமான கேள்விக்கு வருவீர்கள். ஆட்சிமன்றக் குழுவின் தீர்மானங்கள், கல்விப் பேரவை நடவடிக்கைக் குறிப்புகள், நிதிநிலை அறிக்கைகள், அந்தக் காலச் செய்தித்தாள்கள் இவற்றிலிருந்து ஒரு பக்கக் காலவரிசை தயார்செய்து கையில் வைத்திருங்கள். பழைய தீர்மானத்தின் நகல் ஒன்றை மேசையில் வைத்தாலே போதும், பல சமயம் பேச்சு தானாகத் திரும்பும்.

ஆள் இல்லாத வாக்கியங்கள்

என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நிர்வாகத்தில் ஊறியவர்களுக்கு ஆளைச் சொல்லாமல் காரியத்தை மட்டும் சொல்லும் பேச்சு கைவந்த கலை. ‘துறை இரண்டாகப் பிரிக்கப்பட்டது’, ‘குழு அமைக்கப்பட்டது’, ‘பரிந்துரை ஏற்கப்பட்டது’. கேட்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். அந்த மூன்று வாக்கியங்களுக்குள் ஒரு பத்தாண்டுச் சண்டை புதைந்திருக்கலாம்.

உடனே தோண்ட வேண்டும், ஆனால் குற்ற விசாரணை போல இருக்கக் கூடாது. ‘ஏன் பிரித்தீர்கள்?’ என்று கேட்டால் நியாயம் சொல்லத் தொடங்கிவிடுவார். ‘பிரிக்கலாம் என்று முதன்முதலில் யார் வாயிலிருந்து வந்தது? அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் நடந்த அறை, யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், கூட்டத்துக்கு முன் வராந்தாவில் யார் யாரோடு பேசினார்கள், ஆணை வந்த மறுநாள் ஆசிரியர்கள் ஓய்வறை எப்படி இருந்தது என்று கேட்டால், பேச்சு அறிக்கை நடையிலிருந்து இறங்கி வரும். ஆய்வகத்தைப் பங்கிட்டபோது எந்தக் கருவி யாருக்குப் போனது என்ற சின்ன விவரத்தில் மொத்தச் சண்டையும் வெளியே வந்துவிடும்.

கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் தெரிய வேண்டும். அவர் நிறுத்தினால் யோசிக்கிறார் என்று பொருள். ஐந்தாறு விநாடி மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே வார்த்தையை எடுத்துக் கொடுப்பதும், வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஆமாம் ஐயா, ஆமாம் ஐயா’ போடுவதும் பதிவைக் கெடுக்கும். தலையசைப்பு போதும்.

ஒலி

காணொளிக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட ஒலிக்குக் காட்டுவதில்லை. மின்விசிறி, ஏ.சி., சுவர்க் கடிகாரம், பக்கத்து அறைக் குளிர்பெட்டி எல்லாம் காதுக்குப் பழகிவிடும், மைக்குக்குப் பழகாது. சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்றை இருவருக்கும் தனித்தனியாக வையுங்கள். எம்பி3 வேண்டாம், அமுக்கப்படாத வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதியுங்கள். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 500 எம்.பி. ஆகும். இன்றைய சேமிப்பு வசதிக்கு அது ஒரு சுமையே இல்லை. தொடக்கத்தில் பெயர், தேதி, இடம் ஆகியவற்றைக் குரலில் சொல்லிவிடுங்கள்.

புகைப்படத் தொகுப்பைக் காட்டி ‘இதோ இவர், அவருக்குப் பக்கத்தில் நிற்கிறாரே அவர்’ என்று பேசும்போது, ஒலிப்பதிவில் அது யார் என்று யாருக்கும் தெரியாது. ‘பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது, கண்ணாடி போட்டவரைச் சொல்கிறீர்களா?’ என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அந்தப் படத்தின் நகலும் பதிவோடு சேர வேண்டும்.

ரகசியம் காப்போம் என்ற வாக்குறுதி

ஒப்புதல் கடிதத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது ஆபத்து. பேசியவர் காலமானபின் வாரிசுகளைத் தேடி அலைய நேரிடும். பதிவின் உரிமை யாருக்கு, யார் கேட்கலாம், இணையத்தில் போடலாமா, எந்தப் பகுதியை எத்தனை ஆண்டு மூடிவைப்பது ஆகிய எல்லாம் பதிவுக்கு முன்பே பேசப்பட்டு, முடிந்ததும் கையெழுத்தாகிவிட வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, நம்மால் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுப்பது. வட அயர்லாந்து மோதலில் ஈடுபட்ட முன்னாள் ஆயுதக் குழுவினரின் நேர்காணல்களை 2001 முதல் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி சேகரித்தது. உயிரோடு இருக்கும்வரை எதுவும் வெளியே போகாது என்ற உறுதியின்மேல் அவர்கள் பேசினார்கள். 2011இல் பிரிட்டிஷ் தரப்பின் கோரிக்கைப்படி அமெரிக்க அரசு நீதிமன்ற அழைப்பாணை அனுப்பியது. வழக்கு நடந்தது. முடிவில் சில பதிவுகள் காவல்துறையின் கைக்குப் போயின. பல்கலைக்கழக விவகாரம் அவ்வளவு பயங்கரமானதல்ல, சரி. ஆனால் தேர்வு முறைகேடு, பாலியல் புகார், நியமனத் தகராறு பற்றியெல்லாம் நிர்வாகிகள் பேசுவார்கள். ‘சட்டம் கேட்டால் தர வேண்டியிருக்கும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். புகார் கொடுத்த மாணவரின் பெயர் போன்றவை பேச்சில் வந்தால் அந்தப் பகுதியை மூடிவைக்கவும் ஏற்பாடு வேண்டும். பேசுபவர் ஒப்புதல் தந்தார், அந்த மாணவர் தரவில்லையே.

தவறாக நினைவிருந்தால்

‘சார், அது அறுபத்தேழு இல்லை, அறுபத்தொன்பது’ என்று அங்கேயே திருத்துவதும் தவறு, பிழையான பதிவு என்று ஒதுக்கிவைப்பதும் தவறு. இத்தாலியின் தெர்னி நகரில் 1949 மார்ச்சில், நேட்டோவுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தின்போது லூயிஜி த்ராஸ்துல்லி என்ற இளம் எஃகுத் தொழிலாளி போலீஸார் சுட்டு இறந்தார். பல ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது, ஊர்க்காரர்கள் பலர் அவர் 1953இல், ஆலையில் நடந்த பெரும் ஆட்குறைப்புக்கு எதிரான போராட்டத்தில் இறந்ததாகவே சொன்னார்கள். ஆண்டு தப்பு. ஆனால் அவர்கள் மனதில் எந்தக் காயம் பெரியதாக இருந்தது என்பதை அந்தத் தப்புதான் காட்டியது. பேசட்டும். பிறகு அடிக்குறிப்பில் ஆவணம் சொல்லும் தேதியைப் போடுங்கள்.

ஒரே நிகழ்வுக்குப் பல குரல் வேண்டும் என்பதும் இதனால்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1949இல் ஆசிரியர்கள் தாங்கள் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் அல்ல என்ற விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும் என்று ஆட்சிக்குழு கட்டாயப்படுத்தியது. மறுத்த 31 பேரை 1950இல் நீக்கினார்கள். 1952இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கோப்பில் தீர்மானமும் தீர்ப்பும் இருக்கும். மனமில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, நீக்கப்பட்ட நண்பரின் காலி அறையைத் தினமும் கடந்து போனவர்களிடம் கேட்க வேண்டியது வேறு.

எழுத்துப்படியும் மூலமும்

1948இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பணி தொடங்கியபோது, முதல் நேர்காணலை ஒரு மாணவர் கையால் குறிப்பெடுத்தார். பின்னர் ஒலிப்பதிவுக் கருவி வந்தும், பேச்சைக் கேட்டு எழுதியெடுத்த எழுத்துப்படியே மூலம் என்று கருதிப் பல நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். அந்தக் குரல்கள் போனது போனதுதான். இன்று யாரும் அழிப்பதில்லை. ஆனால் எழுத்துப்படியைச் செப்பனிட்டு, தயக்கத்தையும் சிரிப்பையும் பேச்சு வழக்கையும் எடுத்துவிட்டு, அறிக்கை நடைக்கு மாற்றிவிடுகிறோம். அதுவும் ஒருவகை அழிப்புதான்.

சரிபார்க்க அனுப்பினால் பேராசிரியரே சிவப்பு மையோடு உட்கார்ந்து, ‘அந்த ஆள் ஒத்துவரல’ என்பதை ‘சில கருத்து வேறுபாடுகள் நிலவின’ என்று மாற்றி அனுப்புவார். பெயர், ஆண்டு, கலைச்சொல் திருத்தங்களுக்கு மட்டும்தான் என்று கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். அதற்கு மேல் மாற்றச் சொன்னால் தனிப் பின்னிணைப்பாகச் சேருங்கள், ஒலியைத் தொடாதீர்கள். தானியங்கி எழுத்துப்படி மென்பொருள்கள் வேலையைக் குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆட்களின் பெயரிலும் துறைச் சுருக்கப் பெயர்களிலும்தான் அதிகம் சறுக்கும். பின்னால் ஆய்வாளர்கள் தேடப்போவதும் அந்தப் பெயர்களைத்தான்.

கடைசியாக, பதிவுகளை மக்கள் தொடர்பு அலுவலகத்திடமோ விழாக் குழுவிடமோ விட்டுவிடாதீர்கள். விழா முடிந்ததும் குழு கலையும், வன்தட்டு யாருடைய மேசை அறையிலாவது கிடக்கும். நூலகமோ ஆவணக் காப்பகமோ முதல் நாளிலிருந்தே பொறுப்பேற்க வேண்டும். மூன்று படிகள், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். கோப்புப் பெயரில் தேதியும் பேசியவர் பெயரும், கூடவே எந்த நிமிடத்தில் எதைப் பற்றிப் பேசுகிறார் என்ற ஒரு பக்கக் குறிப்பும் வேண்டும். முழு எழுத்துப்படிக்கு நேரமோ பணமோ கிடைக்காவிட்டாலும், அந்த ஒரு பக்கம் இருந்தால் ஆய்வு மாணவர் தனக்கு வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.