முக்திநாத் யாத்திரை: அறுபது கடந்தவர்கள் ஆயத்தமாவது எப்படி?

பிள்ளைகள் டிக்கெட் போட்டுத் தந்துவிட்டார்கள், குழுவும் சேர்ந்துவிட்டது. சரி, இனி உடம்பைப் பார்ப்போம். மட்டக்களப்பில் நாம் இருப்பது கடல்மட்டத்தில். நேபாளத்தில் முக்திநாத் பெருமாள் கோயில் இருப்பது 3,700 மீற்றருக்கு மேலே. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன், இங்கே கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான்.

படி 1: நடை
மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். கல்லடிப் பாலத்தில் காலைநடை நல்லதுதான், ஆனால் அது ஏற்றமில்லாத நடை. இடையிடையே மாடிப்படியும் ஏறுங்கள், கதைத்துக்கொண்டே ஏறக்கூடிய வேகத்தில். ஒன்றை மறக்காதீர்கள்: உயரத்தில் ஒட்சிசன் குறைவதால் வரும் மலை வருத்தத்தை நடைப்பயிற்சி தடுக்காது. நன்றாக நடக்கிறவர்தான் அவசரப்பட்டு ஏறிப் படுத்துவிடுவார்.

படி 2: கிளினிக்
கொப்பியோடு போய், எவ்வளவு உயரத்துக்குப் போகிறீர்கள் என்று டொக்டரிடம் சொல்லுங்கள். மலை வருத்தத்தைத் தடுக்கக் கொடுக்கும் டயமொக்ஸ் குளிசை தேவையா என்பதை அவர்தான் முடிவெடுக்க வேண்டும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அக்கா தரும் குளிசை வேண்டாம். பிரஷர், சீனிக் குளிசைகள் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, கைப்பையில். இன்சுலின் உறைந்தால் பயன்படாது, உடுப்புக்குள் வைத்திருங்கள்.

படி 3: ஏற்றம்
ஆபத்து இங்கேதான். விமானம் ஏறும் பொக்காரா நகரம் ஏறக்குறைய 800 மீற்றர், கோயிலுக்குக் கீழே அது இறங்கும் ஜொம்சொம் 2,700. விமானம் அரை மணிக்குள் ஏற்றிவிடும். இறங்கிய அன்றே ஜீப்பில் கோயிலுக்கு என்று திட்டம் இருந்தால், சண்டை பிடித்தாவது மாற்றுங்கள். ஜொம்சொமில் இரண்டு இரவு தங்கிவிட்டு, காலையில் கோயிலுக்குப் போய், பின்னேரமே இறங்கிவந்து கீழே படுங்கள். நித்திரைக் குளிசை வேண்டாம்.

படி 4: மறைக்காதீர்கள்
“ஒன்றுமில்லை தம்பி, வெயில் தலையிடி” என்று சமாளிப்பது நம்மவர் குணம். தலையிடியோடு ஓங்காளமும் வந்தால் அதற்குமேல் ஏறக் கூடாது. நடை தள்ளாடினால், பேச்சுக் குழம்பினால், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், இரவென்றாலும் கீழே இறக்குங்கள். விடியட்டும் என்று பார்க்கக் கூடாது.

படி 5: 108 தாரை
கோயிலில் வரிசையாக 108 தாரைகளில் விழுவது பனிக்குளிர்த் தண்ணீர். இதய வருத்தம் உள்ளவர்கள் கையில் ஏந்தித் தலையில் தெளித்தால் போதும், பெருமாள் கோபிக்க மாட்டார். குளித்தே தீருவேன் என்பவருக்குத் துவாயும் காய்ந்த உடுப்புமாய் ஒரு ஆள் பக்கத்தில் நிற்கட்டும்.