ஹரிகேனும் ஐப்பசி மழையும்: உங்கள் முதல் மாடல் விமானம்

முதல் கிட்டாக (வெட்டி ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் பாகங்களின் பெட்டி) எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஹாக்கர் ஹரிகேன், இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியப் போர் விமானம். 1/72 அளவில், அதாவது நிஜ விமானத்தில் 72இல் ஒரு பங்கில், இறக்கை முனைக்கு முனை 17 சென்ரிமீற்றர்தான். சாப்பாட்டு மேசையின் ஓரம் போதும். அதோடு இது கொழும்பில் பறந்த விமானம். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட வந்தபோது, இன்றைய ரேஸ் கோர்ஸ் மைதானத்திலிருந்தும் இரத்மலானையிலிருந்தும் ஹரிகேன்கள் எழும்பின.

வெட்டுதலும் ஒட்டுதலும்

பாகங்களை, அவை இணைந்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சவர்க்கார நீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. வெட்ட நகவெட்டியே போதும். பாகத்தை ஒட்ட வெட்டாமல் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தை அரத்தாளால் தேயுங்கள். ஒட்டுமுன் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். மாடல் பசை பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டும், அதனால் துளி போதும். விமானி இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடி மூடிக்கு மட்டும் பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசை. சுப்பர் குளூ வைத்தால் அதன் ஆவியில் கண்ணாடி வெளுத்துவிடும்.

உடலின் நடு இணைப்பைத் தேய்க்கும்போது கவனம். ஹரிகேனின் பின்பாதி துணி போர்த்தியது. அங்கே நீளவாக்கில் தெரியும் மெல்லிய மேடுகள் துணிக்குக் கீழுள்ள சட்டங்கள். தேவையில்லாத கோடுகள் என்று நினைத்துத் தேய்த்து விடாதீர்கள். என் முதல் ஹரிகேன் அப்படித்தான் மொழுமொழு என்று ஆனது.

பெயிண்ட்

கண்ணாடியில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, முதலில் அடிப்பக்கத்து வெளிர் நிறம், அப்புறம் மேலே மண் பழுப்பு, அதன்மேல் கரும்பச்சைத் திட்டுகள். தடிப்பாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லிசாக மூன்று முறை பூசுவது மேல்.

டெக்கால்

டெக்கால் என்பது விமானத்தின் சின்னங்கள் அச்சிட்ட, நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம். பழகியவர்களும் கெடுத்துக்கொள்ளும் இடம் இது. சொரசொரப்பான பெயிண்ட் மேல் டெக்காலை வைத்தால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போலப் பளபளக்கும். ஆகவே முதலில் பளபளப்பு வார்னிஷ். ஒரு ஐப்பசிப் பின்னேரம், மழை இருட்டிக்கொண்டு வரும்போது வெள்ளவத்தை பால்கனியில் நின்று ஸ்ப்ரே அடித்தேன். இறக்கை முழுக்கப் பால் ஊற்றியது போல ஆயிற்று. காற்றின் ஈரம் வார்னிஷுக்குள் மாட்டிக்கொண்டது. நல்ல வெயில் நாளில் மெல்லிசாக இன்னொரு பூச்சு கொடுத்த பிறகுதான் தெளிந்தது. மழை நாளில் வெட்டுங்கள், ஒட்டுங்கள், ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள்.

சரி, டெக்காலை வெட்டி இளஞ்சூட்டு நீரில் பதினைந்து விநாடி அமிழ்த்தி எடுத்து, ஒரு நிமிடம் டிஷ்யூ மேல் வையுங்கள். அவசரப்பட்டு உரிக்க வேண்டாம், தானாக வழுக்கும். வைக்கும் இடத்தைத் தண்ணீரால் நனைத்து, தாளிலிருந்து தள்ளி இறக்கி, பஞ்சுக் குச்சியை நடுவிலிருந்து விளிம்புக்கு உருட்டுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் டெக்கால் மடிந்து ஒட்டிக்கொள்ளும்.

டெக்காலில் உள்ள பிரித்தானிய விமானப்படையின் வட்டச் சின்னத்தில் நடுவே சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 1942 ஏப்ரல் விமானம் என்றால் சிவப்பு வேண்டும். ஜப்பானியச் சிவப்பு வட்டத்தோடு குழம்பக்கூடாது என்று பின்னர்தான் கிழக்கில் அதை எடுத்தார்கள்.

ஒரு நாள் காயவிட்டு மங்கல் வார்னிஷ் அடியுங்கள். அது காய்ந்ததும் கண்ணாடியிலுள்ள டேப்பை மெதுவாக உரியுங்கள்.