அஜந்தாவில் கந்தர்வர்களைக் கண்டுபிடிப்பது எப்படி

நான் பஜனை கோஷ்டியில் ஜால்ரா போடுகிறவன். அஜந்தா குகைகளுக்குப் போனாலும் கண் தாளத்தைத்தான் தேடும், அதாவது சுவரோவியங்களில் தேவலோகத்து இசைக்காரர்களான கந்தர்வர்களை. முதல் தடவை கோட்டை விட்டேன். 1ஆம் குகையிலிருந்து வரிசையாகப் பார்த்து 17ஐ எட்டுவதற்குள் கால் ஓய்ந்துவிட்டது. கூட வந்தவர்கள் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நீங்கள் நேரே 17க்குப் போய்விடுங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை.

உடனே உள்ளே நுழைந்துவிடாதீர்கள். நமக்கு வேண்டியது தாழ்வாரத்திலேயே இருக்கிறது, பகல் வெளிச்சமும் கிடைக்கும். வாசலைப் பார்த்து நின்றால் நிலைக்கு மேலே எட்டு புத்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு இடப்பக்கச் சுவரில், உயரமான கிரீடமும் இடுப்பில் வாளுமாக மேகத்தின் நடுவே பறந்து வருகிறவன் இந்திரன். அவன் பரிவாரத்தில்தான் நம் ஆட்கள். ஒருத்தியிடம் குழல், இன்னொருத்தி கையில் சாட்சாத் ஜால்ரா! 5ஆம் நூற்றாண்டுச் சுவரில் அதைப் பார்த்ததும் என் விரல் தானாக மடங்கியது.

இறக்கையைத் தேடாதீர்கள், நான் தேடி ஏமாந்தேன். மடங்கிய காலையும் முத்துமாலையையும் பாருங்கள். மாலை நெஞ்சில் நேராகத் தொங்காமல் ஒரு பக்கமாக வீசிக்கிடந்தால் அவர் பறக்கிறார் என்று அர்த்தம். வாசலின் வலப்பக்கம், தலைப்பாகை கட்டிய அப்சரஸின் மாலையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஓவியன் காற்றை வரைந்திருக்கிறான் என்றே சொல்வேன்.

பறவைக் காலும் மனித உடம்புமாக இருந்தால் அது கின்னரம். 1ஆம் குகையில் பத்மபாணியை, அதாவது கையில் தாமரை ஏந்திய போதிசத்துவரைச் சுற்றியுள்ள பாறைகளில் குரங்கு, மயிலோடு சேர்த்துத் தேடுங்கள். உள்ளே இருட்டு. பத்து நிமிஷம் சும்மா நின்றால் கண் பழகிவிடும். ஃபிளாஷ் கூடாது. சின்ன பைனாகுலர் இருந்தால் புண்ணியம். 1920இல் ஹைதராபாத் நிஜாம் அரசு வரவழைத்த இத்தாலிய வல்லுநர்கள் பூசிய அரக்கு வார்னிஷ் பிற்பாடு மஞ்சளாகிவிட்டது, அதனால் நிறத்தை நம்பாமல் ஓவியத்தின் கோடுகளைப் பின்தொடருங்கள்.

போகுமுன் பஞ்சசிகன் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள். குகையில் தியானத்தில் இருந்த புத்தரிடம் பேச இந்திரனுக்குத் தயக்கம். முதலில் இந்தக் கந்தர்வனை அனுப்பி, வில்வமரத்து வீணையை வாசிக்கச் சொல்கிறான். அவன் பாடியதோ பாதிக்குமேல் தன் காதலியைப் பற்றி!