மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் ஆய்வுக்கட்டுரைகள்: எங்கே சறுக்குகிறார்கள்?

அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல்கள் பலவற்றுக்கும் பொதுவான ஆம்காஸ் விண்ணப்பப் படிவத்தில், இதுவரை செய்த வேலைகளையும் செயல்பாடுகளையும் எழுத 15 இடங்கள் தருகிறார்கள். ஒவ்வொன்றையும் விவரிக்க 700 எழுத்துகள்தான். இடைவெளி, காற்புள்ளி எல்லாம் அதில் அடக்கம். ஆய்வகத்தில் வேலை பார்த்ததற்கு ஒரு வகை, மாநாட்டில் போஸ்டர் வைத்ததற்கு ஒரு வகை, கட்டுரை வெளியானதற்கு ஒரு வகை என்று தனித்தனியாக இருக்கும். பார்த்தால் சாதாரணமான கட்டங்கள். ஆனால் நல்ல மாணவர்கள்கூட கட்டுரைகளை எழுதும் இடத்தில்தான் வீணாக மாட்டிக்கொள்கிறார்கள். மருத்துவமனையில் 150 மணி நேரம் தொண்டு செய்தீர்களா, 180 மணி நேரமா என்று யாரும் லேசில் கண்டுபிடிக்க முடியாது. கட்டுரை அப்படியில்லை. மருத்துவ ஆய்வுக்கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெடில் தலைப்பைப் போட்டால் அரை நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இப்படித் தேடிப் பார்ப்பதும் புதிதல்ல. இரைப்பை, குடல் மருத்துவத்தில் ஃபெல்லோஷிப் என்ற சிறப்புத்துறை மேற்பயிற்சி கேட்டு வந்த விண்ணப்பங்களில் குறிப்பிட்டிருந்த கட்டுரைகளைச் சரிபார்த்த ஓர் ஆய்வு, 1995-ல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் வந்தது. தங்கள் கட்டுரை வெளியாகியிருப்பதாகச் சொன்னவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் கொடுத்த தகவல் உண்மையோடு ஒத்துப்போகவில்லை. பிறகு வேறு துறைகளிலும் இதே மாதிரி ஆய்வுகள் வந்தன. தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பழைய கதை.

அதற்காகப் பயந்து நடுங்கவும் வேண்டாம். கட்டுரையே இல்லாமல் எம்டி படிப்பில் (அமெரிக்காவில் அதுதான் முதல் மருத்துவப் பட்டம்) இடம் வாங்கியவர்கள் ஏராளம். "இத்தனை பேப்பர் இருந்தால்தான் உண்டு" என்று சுற்றிவரும் எண்கள் பெரும்பாலும் எம்டி முடித்தபின் வரும் ரெசிடென்சி பயிற்சிக் கட்டத்தைச் சேர்ந்தவை. ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் என்ஆர்எம்பி அமைப்பு வெளியிடும் அட்டவணைகளில் அந்த எண் கட்டுரை, ஆய்வுச்சுருக்கம், மாநாட்டு உரை மூன்றையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்வது. அதுவும் விண்ணப்பதாரரே எழுதிக்கொடுத்த கணக்கு. கல்லூரி மூன்றாம் ஆண்டில் இருக்கும் பிள்ளையிடம் அந்த எண்ணைக் காட்டி வீட்டில் நெருக்குவது அநியாயம்.

"வெளியானது" என்று எப்போது எழுதலாம்?

முக்கால்வாசிச் சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. ஒரு கட்டுரைக்குப் பல நிலைகள் உண்டு. எழுதிக்கொண்டிருக்கிறோம், இதழுக்கு அனுப்பிவிட்டோம், துறை வல்லுநர்களின் மதிப்பாய்வில் இருக்கிறது, திருத்தம் கேட்டிருக்கிறார்கள், ஏற்றுக்கொண்டார்கள், அச்சில் இருக்கிறது, வெளிவந்துவிட்டது. இந்த ஏழுக்கும் நடுவே உள்ள தூரம் ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்ததும் மட்டும் எப்படியோ மறந்துபோகிறது. ஆய்வை நடத்தும் தலைவர், அதாவது பிஐ, "இந்த மாதம் வந்துவிடும்" என்று சொல்லியிருப்பார். மாணவர் அதை நம்பி "வெளியானது" என்று போட்டுவிடுவார். அந்த மாதம் வரும், போகும், கட்டுரை வராது. ஆய்வு உலகத்தில் இது அன்றாடம் நடப்பது.

என் கணக்கு இதுதான். இதழிடமிருந்து ஏற்புக் கடிதம் மின்னஞ்சலில் வந்துவிட்டால் கட்டுரைக்கான வகையில் தாராளமாக எழுதலாம், "ஏற்கப்பட்டது, இன்னும் வெளியாகவில்லை" என்ற குறிப்போடு. அனுப்பி மட்டும் இருக்கிறீர்கள் என்றால் தனி இடம் கொடுக்காதீர்கள். அந்த ஆய்வக அனுபவத்தை விவரிக்கும் இடத்தில் கடைசியாக ஒரு வரி போதும். "எழுதிக்கொண்டிருக்கிறோம்" என்பதை எங்கேயும் சேர்க்க வேண்டியதில்லை. எழுதத் தொடங்கிய கட்டுரை எல்லோரிடமும் ஒன்றாவது இருக்கும். சிலர் அனுப்பிய இதழின் பெயரையும் போடுகிறார்கள். நியூ இங்கிலாந்து ஜர்னலுக்கு அனுப்புவதற்கு யாரும் தடை போட முடியாது. அனுப்பியதால் ஒரு பெருமையும் சேர்ந்துவிடாது.

ரெசிடென்சிக்கான ஈராஸ் படிவத்தில் இந்த நிலைகளைத் தேர்ந்தெடுக்கத் தனியாக வசதி இருக்கிறது. வெளியானவை ஒரு பக்கம், அனுப்பியவையும் ஏற்கப்பட்டவையும் வேறு பக்கம் என்று படிவமே பிரித்துக்கொள்கிறது. ஆம்காஸில் எல்லாவற்றையும் நீங்களே சொல்லில் எழுதியாக வேண்டும். ஆகவே கவனமும் கூடுதலாக வேண்டும்.

ப்ரீபிரிண்ட் இன்னொரு குழப்பம். பயோஆர்கைவ், மெட்ஆர்கைவ் மாதிரித் தளங்களில் ஏற்றிய கட்டுரைக்கு டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் உண்டு, யாரும் திறந்து படிக்கலாம், மேற்கோளும் காட்டலாம். மதிப்பாய்வு மட்டும் நடந்திருக்காது. அதை எழுதுவதில் தவறே இல்லை, "ப்ரீபிரிண்ட்" என்ற சொல் அதே வரியில் இருக்கும்வரை. "பப்மெடில் இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் தந்த நிதியில் நடந்த ஆய்வுகளின் ப்ரீபிரிண்ட்களை 2020-லிருந்து பப்மெடிலும் சேர்க்கிறார்கள். எனவே பப்மெடில் தென்படுவதை வைத்து மட்டும் மதிப்பாய்வு முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

ஒரே ஆய்வு, நான்கு வேடங்கள்

பெரிய மாநாடுகளில் ஏற்கப்படும் ஆய்வுச்சுருக்கங்கள் அந்தச் சங்கத்தின் இதழில் இணைப்பாக அச்சாகும். அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் மாநாட்டுச் சுருக்கங்கள் பிளட் இதழிலும், அமெரிக்க இதயச் சங்கத்தினுடையவை சர்க்குலேஷனிலும் வருவது இப்படித்தான். அரைப் பக்கச் சுருக்கம். ஆனால் இதழின் பெயர், தொகுதி எண், டிஓஐ எல்லாம் இருக்கும். அதைப் பார்த்ததும் "சர்க்குலேஷனில் என் கட்டுரை" என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். இணைப்பிதழில் வந்தது என்பதைப் பக்க எண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். "ஆய்வுச்சுருக்கம், இணைப்பிதழ்" என்று நீங்களே சொல்லிவிட்டால் அதற்குரிய மதிப்பு தானாகக் கிடைக்கும்.

அதே ஆய்வைக் கல்லூரி விழாவில் போஸ்டராக வைத்தது, மாநில மாநாட்டில் வைத்தது, சுருக்கமாக வந்தது, கடைசியில் கட்டுரையாக வந்தது என்று நான்கு இடத்தில் நிரப்புவதும் நடக்கிறது. படிப்பவருக்கு நான்கும் ஒரே தலைப்பின் சாயல்கள் என்று புரியாமல் போகாது. போஸ்டர்களையெல்லாம் ஒரே பதிவில் அடுக்கிவிடுங்கள், எந்த மாநாட்டில் நீங்களே நின்று பேசினீர்கள் என்ற குறிப்போடு. 15 இடத்தில் மிஞ்சுவதை மனிதர்களோடு பழகிய அனுபவங்களுக்குக் கொடுங்கள். மணிக்கணக்கிலும் இதே கவனம் வேண்டும்: ஆய்வகப் பதிவில் காட்டிய நேரத்தைக் கட்டுரைப் பதிவில் மறுபடி கூட்டக் கூடாது.

உங்கள் பெயர் எத்தனையாவது?

பெயர் வரிசையைக் கட்டுரையில் உள்ளபடியே எழுத வேண்டும். ஆறு பேரில் ஐந்தாவதாக இருக்கும் உங்கள் பெயரை முன்னால் நகர்த்துவது பொய், அவ்வளவுதான். முதல் பெயரைப் போட்டு "மற்றும் பலர்" என்று முடித்துவிட்டு உங்கள் இடத்தை மறைப்பது அதைவிடக் கொஞ்சம் நாசூக்கான பொய். இடம் போதவில்லை என்றால் முதல் ஆசிரியர் பெயர், அப்புறம் உங்கள் பெயர், "6 பேரில் 5-ஆவது" என்று எழுதிவிடலாம். இணை முதல் ஆசிரியர் என்பதைக் கட்டுரையிலேயே "சம பங்களிப்பு" என்று அச்சிட்டிருந்தால் மட்டும் சொல்லுங்கள். பிஐ வாய்மொழியாகச் சொன்ன ஆறுதல் அதற்குப் போதாது.

நன்றியுரையில் பெயர் வந்திருந்தால் அது ஆசிரியத்துவம் ஆகாது. பெரிய கூட்டு ஆய்வுகளில் குழுவின் பெயரே ஆசிரியராக இருக்கும். உறுப்பினர்களை பப்மெட் "ஒத்துழைத்தவர்கள்" என்று தனியாகக் காட்டும். அதையும் அந்தப் பெயரிலேயே சொல்லுங்கள். யார் ஆசிரியர் என்பதற்கு மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவுகளிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு. நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். மாமாவின் நண்பர் ஆய்வகத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்ததற்காகப் பெயர் சேர்த்திருந்தால், அந்தக் கட்டுரையை எழுதாமல் விடுவதே நல்லது. நேர்முகத்தில் முதல் கேள்வியே "இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்பதாக இருக்கும்.

நம் ஆட்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. குடும்பப் பெயர் இல்லாத பெயர்கள். ஒரு கட்டுரையில் அப்பா பெயர் கடைசியில், இன்னொன்றில் அது முதலெழுத்தாகச் சுருங்கி முன்னால், விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மூன்றாவது வடிவம். தேடுபவர் விண்ணப்பத்தில் உள்ள பெயரைத் தட்டினால் எதுவும் வராது. உண்மையான கட்டுரையே சந்தேகத்துக்கு இடமாகிவிடும். "கட்டுரையில் என் பெயர் இப்படி இருக்கும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஆய்வாளர்களுக்கான ஆர்கிட் அடையாள எண் இலவசம். முதல் கட்டுரை அனுப்பும்போதே எடுத்துக்கொண்டால் பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது.

இதழ்

ஜாமா வேறு, ஜாமா நெட்வொர்க் ஓபன் வேறு. நேச்சர் வேறு, அதே பதிப்பகத்தின் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் வேறு. முழுப் பெயரையும் எழுதுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கட்டணம் வாங்குவது மட்டுமே குற்றமில்லை. தரமான திறந்த அணுக்க இதழ்களும் வாங்குகின்றன. மதிப்பாய்வு செய்வதாகச் சொல்லிவிட்டுச் செய்யாமல், இல்லாத ஆசிரியர் குழுவைக் காட்டிப் பணம் பறிப்பவைதான் பிரச்சினை. இதழ்கள் வெளியிடும் ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019-ல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் அதிகமாகக் கட்டச் சொன்னது இந்த மாதிரி ஏமாற்றுக்காகத்தான். கொலராடோவில் நூலகராக இருந்த ஜெஃப்ரி பீல் தொகுத்த, இப்படிப்பட்ட இதழ்களின் பட்டியல் 2017 ஜனவரியில் இணையத்திலிருந்து இறங்கிவிட்டது. அதன் பழைய நகல்கள் இன்னும் உலவினாலும், அவற்றை மட்டும் நம்பிப் பயனில்லை. கல்லூரி நூலகரிடம் கேட்டால் இதழின் தரத்தைச் சொல்லிவிடுவார். அனுப்பிய சில நாளிலேயே ஏற்பு வந்து, கூடவே பில்லும் வந்தால், அந்த வரி உங்கள் விண்ணப்பத்துக்கு உதவாது. படிப்பவர் மனதில் உங்கள் மற்ற கட்டுரைகளையும் சேர்த்துக் கீழே இழுக்கும்.

கட்டுரைக்கான வகையில் அறிவியல் மட்டும்தான் வர வேண்டும் என்பதில்லை. பத்திரிகைக் கட்டுரை, கவிதை எல்லாம் எழுதலாம். எந்த மாதிரி எழுத்து என்பதை முதல் சொல்லிலேயே சொல்லிவிடுங்கள்.

700 எழுத்தை வீணாக்காமல்

மருத்துவக் கட்டுரைத் தலைப்புகள் நீளமானவை. முழு மேற்கோளையும் ஒட்டினால் ஒரு கட்டுரையே பாதி இடத்தைத் தின்றுவிடும். பெயர்களைச் சுருக்கி, இதழின் சுருக்கப் பெயர், ஆண்டு, பப்மெட் எண் கொடுத்தால் போதும்; எண்ணை வைத்து மீதியைத் தேடி எடுத்துக்கொள்வார்கள். மிச்ச இடத்தில் உங்கள் பங்கை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: "நோயாளிப் பதிவுகளிலிருந்து தரவு எடுத்தேன், இரண்டாவது அட்டவணைக்கான கணக்குகளைப் போட்டேன்" என்பது போல. "ஆய்வில் முக்கியப் பங்காற்றினேன்" என்பதில் ஒரு தகவலும் இல்லை.

படிவத்தில் தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் நிற்காது. வேர்டில் உங்கள் பெயரைத் தடிமனாக்கி ஒட்டினால் இங்கே சாதாரணமாகத்தான் விழும். அதனால் பெயரின் இருபுறமும் நட்சத்திரக் குறி போடுவார்கள். ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் தரும் டிஓ கல்லூரிகளுக்கான படிவத்தில் 600 எழுத்துதான், டெக்சாஸ் மாநிலக் கல்லூரிகள் பலவற்றுக்கு வேறு படிவம். ஒன்றில் எழுதியதை மற்றதில் அப்படியே ஒட்டினால் வால் அறுந்துபோகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்கோளை அடுக்கித் தரச்சொல்லி செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுப்பவர்கள், திரும்பி வந்ததை ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்க்க வேண்டும். இல்லாத டிஓஐயைத் தயங்காமல் எழுதிக்கொடுக்கும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. அப்படி ஒரு எண் உங்கள் விண்ணப்பத்தில் போய்விட்டால், செயலிதான் செய்தது என்ற விளக்கம் எடுபடாது.

அனுப்பும் முன்னும் பின்னும்

ஒவ்வொரு பதிவுக்கும் தொடர்புக்கு ஒருவர் பெயர் கேட்பார்கள். கட்டுரைகளுக்கு பிஐ பெயரைக் கொடுப்பது வழக்கம். கொடுப்பதற்கு முன் நீங்கள் எழுதியதை அவரிடம் காட்டிவிடுங்கள். கட்டுரையின் நிலையைப் பற்றி உங்களுக்கு ஒன்று, அவருக்கு வேறொன்று தெரிந்திருப்பது சகஜம். அவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தில் "அனுப்பியிருக்கிறோம்" என்றும் உங்கள் படிவத்தில் "ஏற்கப்பட்டது" என்றும் இருந்தால், இரண்டையும் படிப்பவர் ஒரே ஆள்தான். முரண்பாடு புகாராகப் போனால் ஆம்காஸை நடத்தும் ஏஏஎம்சி விசாரித்து, நீங்கள் விண்ணப்பித்த கல்லூரிகளுக்கே அறிக்கை அனுப்ப முடியும்.

நேர்முகத்துக்கு முன் உங்கள் கட்டுரைகளை மறுபடி முழுதாகப் படியுங்கள், இரண்டு வருடத்துக்கு முந்தியதாக இருந்தாலும். ஐந்தாவது ஆசிரியராக இருந்தாலும் ஆய்வின் கேள்வி என்ன, எப்படிச் செய்தீர்கள், எந்தக் குறை இருக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதே துறைக்காரராக இருக்கலாம். தெரியாத பகுதியை "புள்ளியியலை எங்கள் குழுவில் இன்னொருவர் பார்த்தார், நான் தரவு சேகரிப்பில் இருந்தேன்" என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை.

படிவத்தை அனுப்பிவிட்டால் இந்தப் பதிவுகளைத் திருத்த முடியாது. பிறகு ஏற்புக் கடிதம் வந்தால், புதுத் தகவல்களை ஏற்கும் கல்லூரிகளுக்குச் சுருக்கமாக ஒரு கடிதம் எழுதலாம். சில கல்லூரிகள் எதையுமே வாங்குவதில்லை. அவர்கள் தளத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி தனியாகக் கேட்கும் செகண்டரி விண்ணப்பம் இன்னும் பாக்கியிருந்தால் அதிலேயே சேர்த்துவிடலாம். "அனுப்பியிருக்கிறோம்" என்று எழுதிய கட்டுரை நிராகரிக்கப்பட்டால் அதற்கென்று கடிதம் தேவையில்லை. நேர்முகத்தில் கேட்டால் நடந்ததைச் சொல்லி, அடுத்து எந்த இதழுக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.