முதுகுத் தசைகளும் நரம்புகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஸெக்ஷன் (உடலை அறுத்துப் பார்க்கும்) மேசையருகே முதலாண்டு மாணவர்களோடு நிற்கும்போதெல்லாம், அந்த வயதில் நான் சொன்ன அதே தப்பான பதில் காதில் விழுகிறது. பெயர்க் குழப்பம், இடம் வலம் மாறுவதெல்லாம் நாளடைவில் சரியாகிவிடும், அவற்றை விடுங்கள்.

முதுகில் இருந்தால் பின்கிளை என்று முடிவுகட்டுவது

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், முதுகின் அகன்ற தசையான லேட்டிசிமஸ் டார்சையைக் காட்டி நரம்பு எது என்று கேட்டார்கள். தண்டுவட நரம்பு வெளியே வந்ததும் முன்கிளை, பின்கிளை என்று பிரியும்; அதில் பின்கிளை, அதாவது போஸ்டீரியர் ரேமஸ் என்றேன். ஆசிரியர் என் கையில் ஃபோர்செப்ஸைக் கொடுத்து, "ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டே போ" என்றார். இடுப்பருகே விரிந்து கிடந்த தசை, மேலே போகப் போகக் குறுகி, அக்குளைச் சுற்றி முன்னால் வந்து மேற்கை எலும்பான ஹூமரஸின் பள்ளத்தில் ஒட்டியிருந்தது. புரட்டிப் பார்த்தால், உட்பரப்பில் ரத்தக்குழாயோடு சேர்ந்து தொராகோடார்சல் நரம்பு (சி6 முதல் சி8) அக்குளிலிருந்து இறங்கி வருகிறது. கையை இயக்கும் தசை அது, முதுகில் படர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நரம்பு பழைய வீட்டிலிருந்தே, அதாவது கைக்கான நரம்புகளிலிருந்தே வருகிறது.

முதுகின் மற்ற மேலோட்டத் தசைகளும் இப்படித்தான். தோள்பட்டை எலும்பை முதுகெலும்போடு இணைக்கும் ராம்பாய்டுகளுக்கு டார்சல் ஸ்கேப்புலர் நரம்பு, கழுத்திலும் மேல்முதுகிலும் படர்ந்த ட்ரெப்பீசியஸுக்கு 11ஆம் மூளை நரம்பான ஆக்ஸசரி. விலா எலும்புகளில் ஒட்டும் செராட்டஸ் போஸ்டீரியர் தசைகளுக்குக்கூட முன்கிளைதான். எரெக்டர் ஸ்பைனே, மல்டிஃபிடஸ், ஸ்ப்ளீனியஸ் போன்ற, முதுகெலும்பை ஒட்டிய உள் தசைகளுக்கே பின்கிளை.

இதில் எனக்கு ஏன் இன்னும் எரிச்சல் என்றால், இது மார்க்கோடு போகிற தவறில்லை. எரெக்டர் ஸ்பைனேவுக்கு மட்டத்துக்கு மட்டம் கிளைகள் வருகின்றன, ஒன்று போனாலும் பெரிதாகத் தெரியாது. ஆக்ஸசரி நரம்போ கழுத்தின் பக்கவாட்டில் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகிறது. நெறிக்கட்டியை எடுக்கும்போது அதை வெட்டிவிட்டால் தோள் தொங்கிவிடும், கையைத் தலைக்கு மேல் தூக்குவது பெரும்பாடு. ட்ரெப்பீசியஸின் நரம்பை முதுகில் தேடுகிற பழக்கம் உள்ளவருக்கு, கத்தி கழுத்தில் இருக்கும்போது அந்த நினைவு எப்படி வரும்?

வேரும் கிளையும்

இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நரம்பு தண்டுவடத்தோடு சேரும் இடத்தில் இருப்பது வேர்; பின்வேரில் உணர்வு மட்டும். பின்கிளையில் உணர்வு, இயக்கம் இரண்டும்.

வயிற்றுச் சுவர்

நரம்புகள் ஓடுவது நடுத் தசை அடுக்கான இன்டர்னல் ஆப்ளிக்குக்கும் உள் அடுக்கான டிரான்ஸ்வெர்சஸுக்கும் நடுவில். ஒரு அடுக்கு முன்னாலேயே தேடுதலை நிறுத்திவிடாதீர்கள்.

தோள்பட்டை எலும்பு புடைத்தாலே செராட்டஸ் ஆன்டீரியர் என்பது

தோள்பட்டை எலும்பை விலாவோடு அணைத்துப் பிடிக்கும் தசை செராட்டஸ் ஆன்டீரியர். ஆனால் ட்ரெப்பீசியஸ் செயலிழந்தாலும் எலும்பு புடைக்கும். சுவரைத் தள்ளச் சொல்லுங்கள்: புடைப்பு அதிகமானால் செராட்டஸ் ஆன்டீரியருக்குப் போகும் லாங் தொராசிக் நரம்பைச் சந்தேகியுங்கள். அப்புறம் கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லுங்கள், அதில் அதிகமானால் ஆக்ஸசரி நரம்பைச் சந்தேகித்து, கழுத்தில் பழைய தையல் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.