இலக்கை எட்ட ஒரு துணை: வாரம் 20 நிமிடம்

இலக்குக்காக இந்த வாரம் இதைச் செய்கிறேன் என்று ஒருவரிடம் வாக்கு கொடுத்து, செய்தீர்களா என்று அவர் வாராவாரம் கேட்பதுதான் இந்த ஏற்பாடு. அதற்குக் கேள்வி கேட்கத் தயங்காத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். மிக நெருங்கிய நண்பர் பெரும்பாலும் சரிவர மாட்டார். "பரவாயில்லை, விடு" என்று சுலபமாக விட்டுவிடுவார். நீங்கள் தேர்ந்தெடுப்பவருக்கும் சொந்தமாக ஓர் இலக்கு இருக்கட்டும். ஒருவர் மட்டுமே பதில் சொல்லும் ஏற்பாடு மேற்பார்வை போலாகிச் சலித்துவிடும்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம், ஆளுக்கு 10 நிமிடம் போனில் பேசினால் போதும்.

வாக்கு கொடுக்கும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "நன்றாகப் படிக்கிறேன்" என்பதைச் சரிபார்க்க முடியாது. "வியாழன் இரவு 9 மணிக்குள் 15 கணக்குகள் போட்டு, நோட்டைப் படமெடுத்து அனுப்புகிறேன்" என்றால் செய்தாயா, இல்லையா என்பது தெரிந்துவிடும். வாரத்துக்கு 3 வாக்குகளுக்கு மேல் வேண்டாம். அவற்றை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். வாய்ப்பேச்சு வாரக் கடைசிக்குள் உருமாறிவிடும்.

வாக்கு தவறிய வாரத்தில் பேச்சைத் தள்ளிப்போடத் தோன்றும். ஏற்பாடு உடைவது பெரும்பாலும் அங்கேதான். எதுவுமே செய்யாவிட்டாலும் 5 நிமிடமாவது பேசுங்கள். கேட்பவர் திட்ட வேண்டாம், "எந்த இடத்தில் நின்றது?" என்று கேட்டு, வேலையைப் பாதியாகக் குறைக்கச் சொல்லலாம். ஒரே வாக்கு 3 வாரம் தொடர்ந்து தவறினால், அந்த இலக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று பேசிவிடுங்கள்.

முதலில் 6 வாரத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். முடிவு தேதி இருந்தால், ஒத்துவராதவர்கள் மனக்கசப்பின்றிப் பிரியலாம்.